காட்டுப் பெட்டியும் தேயிலைப் பெட்டியும்

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்று வளர்த்தது ஆறு. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் அடுத்தவர்கள் பெற்றதை வளர்த்தது எத்தனை என்று எந்தச் செக்ரோல் பதிவிலும் எழுதவில்லை. இன்றைக்கும் அட்டன் பஸ்ஸில் ஏறினால் மீசை நரைத்த ஆள் ஒருவன் எழுந்து இடம் கொடுத்து, என்னைத் தெரிகிறதா ஆயா என்று கேட்பான். தெரியாது என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. இவ்வளவுக்கும் மேலே, பெட்டியில் வைத்து வளர்த்த புழுக்கள். அதற்குக் கணக்கே கிடையாது.

பூச்சி வளர்த்துப் பார்க்கும் இந்தப் பூச்சி வீட்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்கள் பெரிய ஐயா போன மாதம் வீடு தேடி வந்து, அந்தக் காலத்து ஆள் நீங்கள் ஒருவர்தான் மிச்சம், நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றார். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். இலை மாற்றுவதும், பெட்டி துடைப்பதும், எறும்பு ஏறாமல் மேசைக் காலுக்குத் தண்ணீர்ச் சிரட்டை வைப்பதும் ஒரு வாரத்தில் உங்களுக்குக் கைவந்துவிடும். அதைச் சொல்ல நான் வேண்டாம். நான் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன். அந்தத் தப்பை உங்களில் யாரும் செய்யலாம். நல்ல மனசு இருக்கிறவள்தான் முதலில் செய்வாள்.

இலங்கை சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷம் இருக்கும். டிக்கோயாவைத் தாண்டி மேலே ஏறினால் எங்கள் தோட்டம். கொழுந்தெடுக்கும்போது சரிவில் விழுந்து எனக்குக் கணுக்கால் முறிந்தது. எலும்பு கூடியது, கால் நேராகவில்லை. அதனால் மலையிலிருந்து எடுத்து என்னைப் பிள்ளைக் காம்பராவில் போட்டார்கள். தாய்மார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுப் போகிற வீடு அது. விடியற்காலையில் தப்புப் பறை அடித்து, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குக் கூப்பிடும் முன்னே நான் போய் அடுப்பு மூட்ட வேண்டும். பொழுது சாய, கடைசித் தாய் கடைசிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் கதவைச் சாத்த வேண்டும்.

அந்த வீட்டோடு ஒட்டினாற்போல் ஓர் அறை சும்மா கிடந்தது. அதில்தான் பூச்சி ஐயா வந்து மேசை போட்டார். பெயர் சொல்ல மாட்டேன், அவர் விரும்பவும் மாட்டார். லயத்து வீடுகளில் எல்லோருக்கும் அவர் பூச்சி ஐயாதான். யாழ்ப்பாணத்துக்காரர், பூச்சி ஆராய்ச்சிக்காரர். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர், ஆனால் என்னைப் "பிள்ளை" என்றுதான் கூப்பிடுவார். முதல் வாரம் அவர் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. நான் பேசியதில் பாதி அவருக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் பேசியது தமிழ்தான்.

அவர் வந்த காரணத்தைச் சொல்ல வேண்டும். அந்த வருஷம் தேயிலையில் ஒரு புழு விழுந்தது. இளம் இலையை நூலால் ஒட்டி மடித்து, உள்ளே இருந்துகொண்டே தின்னும். எங்கள் மலை உச்சியில் வெட்டாமல் விட்ட காடு ஒரு துண்டு இருந்தது. அங்கே போம்பு என்று சிங்களத்தில் சொல்லும் மரத்திலும் அதே போல ஒரு புழு இலையை மடித்துக்கொண்டு கிடந்தது. அதே நிறம், அதே நீளம். இரண்டும் வளர்ந்து சிறகு முளைத்தாலும் அதே காய்ந்த இலை நிறத்துப் பூச்சி. தோட்டத்துத் துரை பார்த்தார். காட்டிலிருந்துதான் தேயிலைக்கு இறங்குகிறது, காட்டை வெட்டிவிட்டால் தொல்லை விட்டது, அந்த இடத்திலும் கன்று வைக்கலாம் என்று முடிவு கட்டினார்.

அந்தக் காட்டுக்குள்தான் எங்கள் ஊற்று. ஐம்பது வீட்டுக்கும் குடிக்க, குளிக்க இருந்தது குழாய் வழி விழும் ஒரே பீலி, அதற்கு அந்த ஊற்றுத் தண்ணீர்தான். துரை பங்களாவுக்கு வேறு பக்கத்துத் தண்ணீர்.

பூச்சி ஐயா துரையிடம் தவணை கேட்டார். காட்டுப் புழுவும் தேயிலைப் புழுவும் ஒன்றுதான் என்றால் வெட்டுவதில் அர்த்தம் இருக்கிறது, வேறு என்றால் வெட்டியும் பலன் இல்லை, அதை முதலில் பார்த்துவிடலாம் என்றார். துரை சம்மதித்தார். அப்படித்தான் இரண்டு வகைப் பெட்டி வந்தது. காட்டிலிருந்து எடுத்ததற்குக் காட்டு இலை, தேயிலையிலிருந்து எடுத்ததற்குத் தேயிலை. சிறகு முளைத்த பிறகு எந்த இலையில் முட்டை போடுகிறது என்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டு ஆள் என்று என்னைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். பெட்டியில் எழுதியிருந்த இரண்டு எழுத்தை மட்டும் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். என் படிப்பு அங்கே தொடங்கியது.

இப்போது தப்புக்கு வருகிறேன்.

ஐப்பசி மழையில் மேல்பாதை சரிந்து போனது. மூன்று நாள் காட்டு இலை வரவில்லை. பஸ் ஓடாததால் ஐயாவும் வரவில்லை. தேயிலைப் பெட்டியில் இலை நிறைந்து கிடக்கிறது, காட்டுப் பெட்டியில் புழுக்கள் காய்ந்த நரம்பைச் சுரண்டிக்கொண்டு தலையைத் தலையை ஆட்டுகின்றன. நான் பிள்ளைக் காம்பரா ஆயா. அங்கே எனக்கு இருந்தது ஒரே சட்டம். அழுகிற பிள்ளை யாருடையது என்று கேட்கக் கூடாது. ஒருத்தி வரப் பிந்தினால் அவள் பிள்ளைக்கு அடுத்தவள் பால் கொடுப்பாள், ஒரே பானைக் கஞ்சியில் எல்லாப் பிள்ளைக்கும் பங்கு. அந்தக் கையோடு இந்த அறைக்குள் நுழைந்தேன். காட்டுப் புழு பதினெட்டை எடுத்துத் தேயிலைப் பெட்டிகளில் விட்டேன்.

நாலைந்து தின்றன. மற்றவை கடித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கின. பாதை திறந்து காட்டு இலை வந்ததும், தேயிலைப் பெட்டிகளிலிருந்து பதினெட்டைப் பொறுக்கிக் காட்டுப் பெட்டிகளில் திருப்பி வைத்தேன். பதினெட்டு எடுத்தேன், பதினெட்டு வைத்தேன், கணக்குச் சரி என்று நினைத்தேன். எது எது என்று எனக்கு எப்படித் தெரியும்? ஐயா வந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

அவை கூடுகட்டிச் சிறகு முளைத்து வந்தன. காட்டுப் பெட்டிப் பூச்சிகள் போம்பு இலையிலும் முட்டை வைத்தன, தேயிலையிலும் வைத்தன. ஐயா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. எல்லாம் ஒன்றுதான் என்று எழுதப் போகிறேன், சனிக்கிழமை துரையிடம் சொல்லிவிடுவேன் என்றார். காடு போவதில் அவருக்கும் மனசில்லை. ஆனாலும் கண்டதைத்தான் எழுத முடியும் என்றார்.

அன்று சாயந்திரம் பீலியில் செவனம்மா எனக்கு முன்னால் குடம் வைத்திருந்தாள். லயத்தில் பக்கத்துக் காம்பராக்காரி, வாய் நீளம், கையில் நாலு மாதப் பிள்ளை. ஐயாவின் பதில் வரும் முன்னே, காடு வெட்ட ஆள் பிடிக்கச் சொல்லிக் கங்காணிக்கு உத்தரவு வந்துவிட்டதாம்.

"ஒன் புழு என்னாத்தடி சொல்லுச்சு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுதான்னு சொல்லுச்சாம்."

"அது சொல்லிட்டுப் பறந்து போயிரும். நாம கொடத்தத் தூக்கிக்கிட்டு எந்த ஆத்துக்குப் போறது?"

என் குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. புழு எங்கே சொன்னது? சொன்னது என் கை. காட்டுப் பெட்டி என்று எழுதியிருந்த பெட்டிக்குள் தேயிலைப் புழுவை வைத்தவள் நான். அதை நம்பி ஓர் ஆள் எழுதுகிறார். அதை நம்பி இன்னோர் ஆள் காட்டை வெட்டப் போகிறார்.

யாருக்கும் தெரியாது. சொன்னால் வேலை போகும். இந்த வேலை போனால் பிள்ளைக் காம்பராவும் நிலைக்காது, கோணல் காலோடு மலைக்கு ஏற வேண்டும். அன்று இரவு முழுக்க இதையே புரட்டினேன் என்று சொல்ல ஆசைதான். உண்மை அது இல்லை. குடத்தை இறக்கி வைக்கும் முன்னே முடிவாகிவிட்டது. பயம் மட்டும்தான் விடியும் வரை கூட இருந்தது.

காலையில் ஐயா கோட்டைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து என்றைக்கு, எந்தப் பெட்டி, எத்தனை என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகுதான் தலையைத் தூக்கினார்.

"ஏன் பிள்ளை, இதை எனக்குச் சொல்லேல்லை?"

"பசிச்சுதுங்க. பசிச்ச வாய்க்குக் குடுக்கிறதுதான் எனக்குத் தெரிஞ்ச வேலைங்க."

"குடுத்தது பிழையில்லை. குடுத்தனெண்டு சொல்லாமல் விட்டதுதான் பிழை. பெட்டியிலை உள்ள எழுத்து அப்பிடியே இருக்குது, உள்ளுக்கை இருக்கிறது மாறிப்போச்சுது. நான் எழுத்தைத்தானே வாசிக்கிறன்?"

பிள்ளைகளே, அன்றைக்கு அவர் சொன்னதற்கு மேலே இந்த வேலையில் நான் ஒன்றும் கற்கவில்லை. புழு சாகட்டும், செத்தது என்று எழுதுங்கள். இலை தவறட்டும், தவறியது என்று எழுதுங்கள். செத்த பெட்டி ஒரு நாளும் பொய் சொல்லாது.

பிறகு அவர் இன்னொன்று கேட்டார். தான் ஒன்பது மணிக்கு வந்து நாலு மணிக்குப் போகிற ஆள், தான் இல்லாத நேரத்தில் இந்த அறையில் என்ன நடந்தாலும், சின்னது பெரியது பார்க்காமல் எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார். எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை போலத்தான் இருந்தது. எலி வந்தது, கூரை ஒழுகியது என்று சொன்னேன். அதோடு அதாக, மழைக்கு முந்தி வளர்த்த பூச்சிகளைப் பற்றியும் சொன்னேன். நான் விடிய வந்து அடுப்பு மூட்டும்போது காட்டுப் பெட்டியில் மட்டும் படபடவென்று சத்தம் கேட்கும். பொழுது சாயக் கதவு சாத்தும்போது தேயிலைப் பெட்டியில் மட்டும் கேட்கும். ஒன்று ஆடும்போது மற்றது காய்ந்த இலை போல ஒட்டிக் கிடக்கும். நான் கலந்துவிட்ட பிறகு எல்லாப் பெட்டியிலும் இரண்டு நேரமும் சத்தம்.

ஐயா பேனாவைக் கீழே வைத்தார்.

"விடியவோ?"

"தப்பு அடிக்கிற நேரங்க."

அது ஆண் பூச்சி பெண்ணைத் தேடிச் சிறகடிக்கிற நேரம் என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பகலில் மட்டும் வந்து பார்க்கிறவர் அதை எப்படிக் காண்பார்?

அவர் துரையிடம் போய், சோதனை பிழைத்துவிட்டது, பிழை தன்னுடையது என்றார். என் பெயரை எடுக்கவில்லை. துரை கடுகடுத்தார். தைப்பொங்கல் வரைக்கும் பொறுப்பேன், மறுநாள் கோடாலி ஏறும் என்றார்.

ஒரே ஓர் ஈடு பூச்சி வளர்த்துப் பார்க்கத்தான் நாள் இருந்தது. புதிதாகப் புழு எடுக்க நானும் செவனம்மாவும் ஞாயிற்றுக்கிழமை காட்டுக்கு ஏறினோம். கால் வலியில் நான் நின்று நின்று போக, அவள், "புழுவுக்குச் சோறு போட்டவளே, ஒனக்கு யாருடி சோறு போடுவா, நட" என்று இழுத்துக்கொண்டு போனாள். இந்த முறை ஒவ்வொரு பூச்சியும் தனித்தனிப் பெட்டியில் வளர்ந்தது. பிறகு ஐயா இருபது பெட்டியில் ஒரு காட்டுப் பூச்சியையும் ஒரு தேயிலைப் பூச்சியையும் ஆணும் பெண்ணுமாகப் போட்டார். வேறு இருபதில் தன் இனத்தோடு இனம். விடியவும் பொழுது சாயவும் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்னுடையது. சேர்ந்தால் ஒரு கோடு, சேராவிட்டால் ஒரு சுழி.

அந்த நாட்களில் ஒரு நாள், பத்து மணிக்குப் பிள்ளைக்குப் பால் கொடுக்க வந்த செவனம்மா வாசலில் உட்கார்ந்து, ஒரே மாதிரி இருப்பதை வேறு வேறு என்று சொல்ல இவ்வளவு பாடா என்று கேட்டாள். ஐயா கோபிக்கவில்லை.

"முந்தி இந்த மலை முழுக்கக் காடு. இந்தப் பூச்சிக்கு இருந்தது ஒரே வீடு. காட்டை வெட்டித் தேயிலை நட்டினம். பசியிலை சிலது தேயிலையைக் கடிச்சுப் பாத்திருக்கும். கனக்கச் செத்திருக்கும், ஒண்டு ரெண்டு தப்பியிருக்கும். தப்பினது தேயிலையிலையே முட்டை போட்டுது. அதின்ரை பிள்ளையளும் அங்கையே சோடி தேடிச்சுதுகள். நேரமும் மாறிப் போச்சுது. நடுவிலை வேலி ஒண்டுமில்லை. ஆனா சந்திக்கிறது குறையக் குறைய, ரெண்டும் தன்ரை தன்ரை வழியிலை மாறிக்கொண்டு போகும். ஒரு காலத்திலை சந்திச்சாலும் சேராது. அண்டைக்கு அது ரெண்டு இனம்."

செவனம்மா பிள்ளையைத் தோள் மாற்றினாள். "மேல லயத்து மேக்கணக்கு ஆளுங்களும் எங்களுக்குப் பொண்ணு குடுக்கிறதில்லைங்க. அப்ப அவங்க வேற இனமுங்களா?"

"இல்லைப் பிள்ளை. நாளைக்கு ஒரு பெடியனும் பெட்டையும் மனம் வைச்சால் கலியாணமும் நடக்கும், பிள்ளையும் பிறக்கும். அது மனிசர் கட்டின வேலி, மனிசராலை பிரிக்கலாம்."

"அப்ப மேக்கணக்குக்கு இன்னும் வழி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் மலைக்குப் போனாள்.

நான் என் பதினெட்டை நினைத்துக்கொண்டேன். பசியில் தேயிலையைக் கடித்த அந்த நாலைந்து. முதன்முதலில் காட்டை விட்டு இறங்கியதும் அப்படித்தான் கடித்திருக்கும். யாரும் அதைப் பெட்டி மாற்றவில்லை. யாருக்கும் தெரியாமல் எவ்வளவு காலம் போயிருக்கும்.

தன் இனத்தோடு போட்ட பெட்டிகளில் இருபதுக்குப் பதினெட்டு கோடு, அவற்றில் காட்டுப் பூச்சிகள் போம்பு இலையில் மட்டும் முட்டை வைத்தன. மாற்றிப் போட்ட இருபதில் பதினெட்டு சுழி, இரண்டு கோடு. அந்த இரண்டும் முட்டை வைத்தன. கொஞ்சம்தான் பொரித்தது. பொரித்த குஞ்சுப் புழுக்கள் இரண்டு இலையையும் முகர்ந்து முகர்ந்து பார்த்தன, அதிகம் தின்னவில்லை. மூன்று மட்டும் பிழைத்துக் கிடந்தன.

பொங்கலுக்கு முந்தின நாள் துரை பூச்சி அறைக்கு வந்தார். ஐயா இங்கிலீசில் சொல்லிக்கொண்டே போனார். துரை ஜன்னல் பக்கம் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு கையைக் காட்டி நிறுத்தி, என் பக்கம் திரும்பினார். அந்தக் காலத்துத் துரைமாருக்கு வேலை வாங்குகிற அளவு தமிழ் தெரியும்.

"நீதானே பாத்தது? ஒண்ணா, ரெண்டா? சொல்லு."

வாசலில் செவனம்மாவும் நாலைந்து பெண்களும் நின்றார்கள். எல்லோர் கையிலும் வெறுங்குடம். பீலிக்குப் போகிற சாக்கில் வந்திருக்கிறார்கள். இரண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், காடு முழுக்க நிற்கும். இருபதில் பதினெட்டு சுழியாச்சே, அது இரண்டு இல்லாமல் என்ன? ஐயாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு ஒரு சாடையும் காட்டவில்லை. அதற்காக அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை.

ஒரு தடவை பெட்டிக்கு மேலே ஒன்று, உள்ளே ஒன்று என்று வைத்தவள் நான். இன்னொரு தடவை அதை வாயால் செய்ய முடியவில்லை.

"ரெண்டாகப் போகுதுங்க தொரை. இன்னும் முழுசா ஆகலைங்க. இருபதுல ரெண்டு சேந்துச்சு, அதுல மூணு பொழச்சிருக்கு. ஆனா காட்டுல உள்ளது காட்டு எலையத்தான் தேடுது. தேயிலைக்கு எறங்கலைங்க."

துரை அந்த மூன்று புழுவையும் காட்டச் சொன்னார். குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பொங்கலுக்கு மறுநாள் கோடாலி ஏறியது. கீழ்ச்சரிவில் இருந்த பாதிக் காட்டை வெட்டினார்கள். ஊற்றுக்கு மேலே இருந்த பாதியைத் தொடக் கூடாது என்று உத்தரவு. இரண்டு சேர்ந்ததே என்பதற்காகப் பாதியை வெட்டினாரா, பதினெட்டு சேரவில்லையே என்பதற்காகப் பாதியை விட்டாரா, எனக்குத் தெரியாது.

செவனம்மா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பீலியில் என் குடத்தைத் தள்ளி வைத்துவிட்டுத் தன் குடத்தை வைப்பாள். கடைசியில் ஒரு நாள், "ஒத்த வார்த்த, ஒன் வாயில வரல" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. வெட்டிய பாதியைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. அந்தச் சரிவைப் பார்க்கும்போதெல்லாம் இருந்தது.

அடுத்த வருஷம் தேயிலையில் மறுபடியும் புழு விழுந்தது, முன்னைவிட அதிகம். மிச்சக் காட்டையும் வெட்டிவிடலாம் என்று ஆபீஸ் பெரிய கிளாக்கர் துரையிடம் சொன்னாராம். அதற்குத் தான் சொன்ன பதிலைத் துரையே பிறகு பூச்சி ஐயாவிடம் சொல்லியிருக்கிறார். காட்டுப் புழு இறங்கவில்லை என்று அந்த ஆயா சொன்னாள், தனக்கு வேண்டாத அந்த இரண்டு சேர்க்கையையும் மறைக்காமல் சொன்னவள் மற்றதில் பொய் சொல்லியிருக்க மாட்டாள் என்றாராம். மிச்சக் காடு நின்றது. ஐயா இதை என்னிடம் சொன்னபோது செவனம்மாவும் வாசலில் இருந்தாள். அன்று சாயந்திரம் பீலியில் என் குடத்தைத் தன் குடத்துக்கு முன்னால் நகர்த்தி வைத்தாள்.

அந்தப் பூச்சி இப்போது முழுசாக இரண்டு இனமாகிவிட்டதா என்று கேட்டால், எனக்குத் தெரியாது. என் வயது அதற்குப் போதாது. உங்கள் வயதும் போதாது. உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள் நீங்கள் எழுதி வைத்த பெட்டியைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அதனால் பெட்டியின் மேல் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும்.

போதும் கண்ணு, பேனாவை வை. இப்போது முதலிலிருந்து படித்துக் காட்டு. பதினெட்டைக் கலந்த இடத்தில் மட்டும் நிதானமாகப் படி. அம்மாயி மேல் உள்ள பாசத்தில் நீ எதையாவது குறைத்து எழுதியிருக்கிறாயா என்று பார்க்க வேண்டும்.